பி.கே.எஸ். ஐயாவுக்கு, ஒரு பதின்மூன்று இலக்க எண்ணை முன்வைத்து

மதிப்புக்குரிய பி.கே. சீனிவாசன் ஐயாவுக்கு,

6746328388800 என்ற எண்ணைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். அந்தச் சாக்கில் உங்களுக்கு ஒரு நன்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் 2005-இல் மறைந்துவிட்டீர்கள். உங்களை நான் நேரில் பார்த்ததும் இல்லை. ஆகவே ஊரறிய எழுதுகிறேன். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் எண்ணூரிலும் இருக்கிற நாலு பேராவது படித்து, இப்படி ஒரு வாத்தியார் நம் பக்கத்தில் இருந்தாரா என்று கேட்கட்டும்.

நான் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவன். ஊருக்கு வடக்கே ஒரு கன்டெய்னர் யார்டில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். பெட்டி உள்ளே வந்தால் கேட்-இன், வெளியே போனால் கேட்-அவுட். காலையிலிருந்து இரவு வரை எண்களோடுதான் பிழைப்பு. ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம் இருக்கும். எழுத்துகளுக்கும் மதிப்பு கொடுத்து, முதல் இடத்தை 1-ஆல், அடுத்ததை 2-ஆல், அதற்கடுத்ததை 4-ஆல் என்று இரட்டித்துக்கொண்டே போய், பத்தாவது இடத்தை 512-ஆல் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கட்டத்துக்குள் இருக்கும் இலக்கம். மீதி 10 என்று வந்தால் 0 போடுவார்கள். டிரைவர் போனில் சொல்லும்போது 3 என்பது 8 ஆகிவிட்டாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறிவிட்டாலோ, பெரும்பாலும் கணக்கு உதைத்துவிடும். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் அத்தனை ட்ரெய்லர்களின் முதுகிலும் 11 என்ற பகா எண் இப்படிக் காவல் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை யாரும் எனக்கு விளக்கவில்லை. கட்டத்துக்குள் தனியாக ஏன் ஓர் இலக்கம் என்று கேட்டுப் போகும் குணம் மட்டும் முன்பே ஒட்டியிருந்தது. அது எங்கிருந்து ஒட்டியது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பள்ளியில் படித்தபோது எங்களை ராயபுரம் சோமு செட்டித் தெருவுக்கு அழைத்துப் போனார்கள். அவ்வை அகாடமியில், 1993-இல் நீங்கள் முன்னின்று உருவாக்கிய ராமானுஜன் அருங்காட்சியகம். அருங்காட்சியகம் என்றதும் எழும்பூரை நினைத்துக்கொண்டு போன பிள்ளைகளுக்கு அது சின்ன இடம். படங்கள், கடிதங்களின் பிரதிகள், கையால் தொட்டுச் செய்து பார்க்கிற கணிதப் பொருள்கள். ராமானுஜன் என்றால் எங்களுக்கு அதுவரை பாடப்புத்தகத்தில் கோட்டும் டையும் போட்ட ஒரு படம். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னார் என்ற கதை. அவருக்குத் தெய்வம் சொன்னது, நமக்கு யார் சொல்லப் போகிறார்கள் என்ற எண்ணம்தான் அந்தக் கதையிலிருந்து எங்களுக்குக் கிடைத்திருந்தது. ராயபுரத்தில் கிடைத்தது வேறு மாதிரியான ஆள். நாங்கள் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற துறைமுகத்தில் கணக்கு எழுதியவர். சம்பளக்காரர். பலகையில் போட்டுப் போட்டு அழித்தவர்.

1912 மார்ச் 1-ஆம் தேதி மதராஸ் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலை எழுத்தராக ராமானுஜன் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர். நாராயண ஐயரே கணிதம் தெரிந்தவர், இந்தியக் கணிதக் கழகத்தின் பொருளாளர். ராத்திரியில் இருவரும் ஆளுக்கொரு பலகையை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். ராமானுஜன் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவுவது நாராயண ஐயருக்கே பிடிபடாது. நடுவில் உள்ள படிகளையும் எழுதிக் காட்டு, இல்லாவிட்டால் வேறு யாருக்கும் புரியாது என்று அவர் வற்புறுத்தியிருக்கிறார். இந்தச் செய்தி நாராயண ஐயரின் மகன் சொன்ன நினைவுகளின் வழியாக வந்தது. மதிய இடைவேளையில் துறைமுகத்தில் பார்சல் கட்டும் தாளைத் தேடி எடுத்துக் கணக்குப் போட்டார் என்றும் அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிறகு 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம். ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் துறைமுகக் கணக்குப் பிரிவில் எழுத்தர் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டு கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதியது. அடுத்த ஆண்டு மார்ச் 17-ஆம் தேதி இதே துறைமுகத்திலிருந்து நெவாசா கப்பலில் ஏறினார்.

இவற்றைப் பற்றி இன்று யார் எழுதினாலும் நீங்கள் சேர்த்து வைத்ததிலிருந்து எடுக்காமல் எழுத முடியாது. ஜார்ஜ் டவுனில் முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் நீங்கள். பல்கலைக்கழகப் பதவி இல்லை. ஆராய்ச்சி மானியம் கொடுத்து அனுப்பிய அமைப்பும் பின்னால் இல்லை. ராமானுஜனைப் பார்த்துப் பழகியவர்கள் ஒவ்வொருவராகக் கண்மூடிக்கொண்டிருந்த காலத்தில், உயிரோடு இருந்தவர்களைத் தேடித் தேடிப் போய்க் கேட்டீர்கள். மனைவி ஜானகி அம்மாள், கூடப் படித்தவர்கள், கூட வேலை பார்த்தவர்கள், அவர்களின் பிள்ளைகள் என்று ஒருவரையும் விடவில்லை. கடிதங்களைத் திரட்டினீர்கள். 1968-இல் பள்ளியின் ‘நம்பர் ஃபிரண்ட்ஸ் சொசைட்டி’ பழைய மாணவர் குழு அவற்றை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. உலகமெல்லாம் படித்த ராபர்ட் கனிகலின் 1991-ஆம் ஆண்டு வாழ்க்கை வரலாறு உங்கள் தொகுதிகள் இல்லாமல் அந்த வடிவத்தில் வந்திருக்காது. ஓர் உயர்நிலைப் பள்ளியின் பழைய மாணவர்கள் வெளியிட்ட புத்தகத்துக்கு உலகக் கணித வரலாற்றில் இப்படி ஓர் இடம் இருப்பதை வட சென்னைப் பள்ளிகளில் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன்.

12-ஐ எடுத்துக்கொள்வோம். 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. 24-க்கு எட்டு. அதற்குக் கீழே எதற்கும் எட்டு இல்லை. தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் விட அதிகக் காரணிகளைக் கொண்ட எண்களுக்கு ராமானுஜன் ஒரு நீண்ட கட்டுரையில் பெயர் வைத்து, அவற்றை அட்டவணையாகவும் போட்டார். தமிழில் உயர் பகு எண்கள் எனலாம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று அந்த வரிசை போகும். ஒரு நாளுக்கு 24 மணி, ஒரு மணிக்கு 60 நிமிடம், ஒரு வட்டத்துக்கு 360 பாகை என்று பழங்காலத்தவர் வைத்த எண்களும் பங்கு போட வசதியானவை. பிளேட்டோ தன் இலட்சிய நகரத்துக்கு 5040 குடும்பங்கள் போதும் என்றார். 1 முதல் 10 வரை எதனால் வகுத்தாலும் 5040 மீதியில்லாமல் வகுபடும். அதற்கு 60 காரணிகள். அதுவும் இந்த வரிசையைச் சேர்ந்ததே.

ராமானுஜன் துறைமுகத்தில் எழுதிய கணக்கில் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. அவருடைய மாதச் சம்பளம் 5760 தம்பிடி. 192-க்கு 14 காரணிகள். அதைவிடச் சின்ன எண்ணான 180-க்கு 18 இருப்பதால் 192 இந்த வரிசையில் வராது. அவர் இங்கிலாந்தில் கையில் வாங்கிய பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆக 240. அதற்கு 20 காரணிகள். அது உயர் பகு எண். அவர் இதைக் கவனித்தாரா என்று நான் சொல்ல வரவில்லை. பெருக்கல் வாய்பாட்டைப் பத்திலும் பன்னிரண்டிலும் பதினாறிலும் மாறி மாறிப் புழங்கிய தலைமுறைக்குக் காரணி என்பது கைப்பழக்கமாக இருந்தது என்பதே எனக்குப் படுகிறது. பைசாவும் கால்குலேட்டரும் வந்த பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. நீங்கள் பிள்ளைகளுக்கு மீட்டுக் கொடுக்கப் பாடுபட்டது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஓர் எண்ணுக்கு எத்தனை காரணி என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. பகா எண்களாகப் பிரித்தால் போதும். 360 என்பது 2×2×2×3×3×5. ஒரு காரணியை உருவாக்க 2-ஐ ஒன்றுகூட எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று, இரண்டு, மூன்று எடுக்கலாம். நான்கு வழி. 3-க்கு மூன்று வழி, 5-க்கு இரண்டு வழி. 4×3×2 = 24. ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அதோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டியதுதான். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது போதும். இந்த ஒரு சாவியை வைத்துக்கொண்டு, ராமானுஜன் அட்டவணையின் கடைசி வரியில் உள்ள எண்ணை நான் ஒரு பழைய இன்வாய்ஸின் பின்பக்கத்தில் திறந்து பார்த்தேன்.

6746328388800. கடைசியில் இரண்டு பூஜ்யம், ஆகவே 100-ஐ வெளியே எடுத்துவிடலாம். அதில் 2 இரண்டு முறை, 5 இரண்டு முறை. மிஞ்சுவது 67463283888. இதைப் பாதியாக்கிக்கொண்டே வந்தால் 33731641944, 16865820972, 8432910486, 4216455243. நான்கு முறை பாதியாக்கியதும் ஒற்றைப்படை வந்துவிட்டது. ஆக மொத்தம் 2 ஆறு முறை. அடுத்து 3. மூல எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 63, ஆகவே ஒன்பதால் நிச்சயம் போகும். மூன்றால் வகுத்துக்கொண்டே போனால் நான்கு முறை போகிறது. கையில் நிற்பது 52055003. ஒன்று விட்டு ஒன்றாக மூல எண்ணின் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் 37, மறுபக்கம் 26. வித்தியாசம் 11. ஆகவே 11 உள்ளே இருக்கிறது, எங்கள் பெட்டிகளுக்குக் காவல் இருக்கிற அதே 11. 52055003-ஐ 23-ஆல் வகுத்தால் 2263261. அதை 19-ஆல் வகுத்தால் 119119. அதை 17-ஆல் வகுத்தால் 7007. அந்த 119119-உம் 7007-உம் வந்து விழுந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வேறு யாரிடமும் சொல்லத் தெரியவில்லை, உங்களிடம் சொல்கிறேன். 7007 என்பது 7×7×11×13.

ஆக முழு எண்ணும் இது: 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, 11, 13, 17, 19, 23 தலா ஒரு முறை. ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2×2 = 10080. இதற்குக் கீழே உள்ள ஆறு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட எண்களில் எதற்கும் 10080 காரணிகள் இல்லை. 1 முதல் 28 வரை எந்த எண்ணாலும் இது மீதியில்லாமல் வகுபடும். முதலில் மறுப்பது 29.

அடுக்குகளை வரிசையாகப் பாருங்கள் ஐயா: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. எங்கும் ஏறவில்லை, இறங்கிக்கொண்டே வருகிறது. யார்டில் கனமான பெட்டியை அடியிலும் லேசானதை மேலேயும் அடுக்குவது போலத்தான் எல்லா உயர் பகு எண்களும் அமையும் என்று ராமானுஜன் காட்டினார். காரணம் எளிது. 2 நான்கு முறையும் 3 ஆறு முறையும் வருகிற எண் ஒன்று இருந்தால், அவற்றை இடம் மாற்றி 2-ஐ ஆறு முறையும் 3-ஐ நான்கு முறையும் வைத்துவிடலாம். காரணிகளின் எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் சின்னதாகிவிடும். அதே எண்ணிக்கையைத் தருகிற சின்ன எண் இருக்கும்போது பெரியது பட்டியலில் எப்படி நிற்கும்? இதற்கு மேல் அவர் போனதுதான் கடினம். கடைசிப் பகா எண் எப்போதும் ஒரே ஒரு முறைதான் வரும் என்றும், 4, 36 இரண்டு மட்டுமே அதற்கு விலக்கு என்றும் நிறுவினார். மற்ற அடுக்குகள் எவ்வளவு வரை போகலாம் என்று சமனின்மைகளை அடுக்கடுக்காகப் போட்டு இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு வந்தார். அந்தச் சமனின்மைக் கணிதத்தில் அவருக்கிருந்த தேர்ச்சியை ஹார்டியே வியந்து எழுதினார். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் ராமானுஜனுக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்தக் கட்டுரையை வைத்துத்தான். கும்பகோணத்திலும் மதராஸிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறாமல் போனவருக்கு.

அட்டவணையில் நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் உள்ளன. எல்லாம் கையால் போட்டவை. அதில் ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது என்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். விட்டுப்போன எண் 293318625600. இதைப் படித்த அன்று வழக்கம்போல் தாளை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு, 7 இரண்டு, 11, 13, 17, 19. அவ்வளவுதான். கடைசி வரியின் எண்ணிலிருந்து 23-ஐ மட்டும் எடுத்துவிட்டால் விட்டுப்போன எண். 293318625600-ஐ 23-ஆல் பெருக்கினால் அப்படியே 6746328388800. விட்டுப்போனதன் காரணிகள் 10080-இல் பாதி, அதாவது பிளேட்டோவின் 5040.

பட்டியலில் ஒரு வரி விடுபடுவது என்றால் என்ன என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். நூறு பெட்டி இறங்கிய கப்பலில் டேலி ஷீட்டில் ஒன்று குறைந்தால், அந்த ஒன்றைத் தேடித்தான் ராத்திரி கழியும். அந்த எண் விட்டுப்போனதைப் படித்ததும் ராமானுஜன் எனக்கு இன்னும் நெருக்கமானார். கனவில் யாரோ படித்துக் காட்டிய பட்டியலாக இருந்தால் அதில் வரி விட்டுப்போகாது. ஒரு மனிதர் உட்கார்ந்து, பிரித்து, பெருக்கி, ஒப்பிட்டு, ஒவ்வொன்றாக எழுதிய பட்டியல் இது. பலகையில் எழுதி முழங்கையால் அழித்து அழித்து முழங்கை கறுத்துப்போன மனிதர். தன் தெய்வத்தின் மீது அவர் வைத்திருந்த பக்தி அவருடையது, அதை நான் மதிக்கிறேன். அந்த முழங்கையை எங்களுக்குக் காட்டியதற்காகத்தான் உங்களுக்கு நன்றி சொல்கிறேன் ஐயா. கும்பிட்டுவிட்டுப் போகிற இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து கணக்குப் போடலாம் என்ற நினைப்பைக் கொடுத்தீர்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த நினைப்பு மிகப் பெரிய சொத்து. காசிமேட்டில் மீன் ஏலம் கேட்கிற வேகத்தில் மனக்கணக்குப் போடும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கணக்கு எங்களுக்கு அந்நியமாக இருந்ததே இல்லை. கணிதம்தான் அந்நியமாக வைக்கப்பட்டிருந்தது.

அந்தக் கட்டுரையின் மிச்சக் கதையும் உங்களுக்குப் பிடித்ததாகவே இருக்கும். லண்டன் கணிதக் கழகத்துக்கு அப்போது பணமுடை. நீளமான கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமலே நின்றது. அந்தக் கையெழுத்துப் பிரதி ‘தொலைந்துபோன நோட்டுப் புத்தகம்’ என்று பெயர் பெற்ற தாள்களோடு சேர்ந்து 1988-இல் நகலாக வெளிவந்தது. பிறகு 1997-இல் ழான்-லூயி நிக்கோலா, கீ ராபின் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் அதை விளக்கக் குறிப்புகளோடு பதிப்பித்தார்கள். பதிப்பித்த இடம், சென்னைக்காரரான கிருஷ்ணசுவாமி அல்லாடி தொடங்கிய ‘ராமானுஜன் ஜர்னல்’ இதழின் முதல் தொகுதி. எழுதியவர் இறந்து 77 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கட்டுரை முழுமையடைந்தது.

இடைப்பட்ட காலத்திலும் உயர் பகு எண்கள் சும்மா கிடக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் இவை எத்தனை இருக்கும் என்ற கேள்வியை 1944-இல் கணிதவியலாளர் பால் ஏர்டிஷ் எடுத்தார். ராமானுஜன் காட்டியதைவிட அதிகமாகவே இருக்கும் என்று நிறுவினார். மறுபக்கத்து எல்லையை 1971-இல் நிக்கோலா கொடுத்தார். ஏர்டிஷ் இந்தியாவுக்கு வந்தபோது தன் சொற்பொழிவுக்குக் கிடைத்த பணத்தை ஜானகி அம்மாளுக்குக் கொடுத்தார் என்று படித்திருக்கிறேன். ஹங்கேரியில் பிறந்து, பெட்டியும் படுக்கையுமாக உலகம் சுற்றியவர். திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து வாழ்ந்த ஒரு விதவைக்கு அவர் எப்படி உறவு? நீங்கள் ஜானகி அம்மாளிடம் போய்க் கேட்டுப் பதிந்ததும் அதே உறவில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால், ராமானுஜனைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி 1994-இல் அவரோடு போயிருக்கும்.

ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. அது உங்களிடம் இல்லை, இதைப் படிக்கிற எங்கள் பகுதிக்காரர்களிடம். சோமு செட்டித் தெரு தூரமில்லை. எண்ணூரிலிருந்து பஸ் ஏறினால் ராயபுரம் நேர்வழி. பிள்ளைகளை மாலுக்கும் பீச்சுக்கும் அழைத்துப் போகிற நாட்களில் ஒன்றை இதற்கும் கொடுங்கள். போவதற்கு முன் வீட்டிலேயே 360-ஐப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் நோட்டோடு வீட்டுக்கு வருவார்கள். நான் ஆசிரியர் இல்லை. பிரித்துப் பார், எண்ணிப் பார், சரியா என்று திருப்பிப் பெருக்கிப் பார் என்பது மட்டும்தான் நான் சொல்வது. அண்மையில் 6746328388800-ஐ அவர்களுக்குக் கொடுத்தேன். பிரித்து முடித்ததும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, 28 வரைக்கும் எல்லாம் போகிறது, 29-ஐ மட்டும் ஏன் விட்டார்கள், அதையும் சேர்த்தால் என்ன என்று கேட்டாள். சேர்த்துப் பார் என்றேன். 29-ஆல் பெருக்கினால் காரணிகள் இரட்டிப்பாகின்றன, எண் 29 மடங்காகப் பெருத்துவிடுகிறது. இவ்வளவு பெருக்க விடாமல் 29-ஐ உள்ளே கொண்டுவர வழி இருக்கிறதா என்று எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். உள்ளே ஒன்று வந்தால் வேறொன்று வெளியே போக வேண்டும். 2-ஐ விட முடியாது, அது விலை குறைவானது. யாரை அனுப்புவது என்பதில் பெரிய சண்டை.

முதலில் ஒரு பையன் 29-ஐ ஓரமாக வைத்துவிட்டு, ஒரு 3-ஐ எடுத்துவிட்டு இரண்டு 2-ஐப் போட்டான். எண் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது: 8995104518400. 2 எட்டு முறை, 3 மூன்று முறை. 7×5 ஆக இருந்தது 9×4 ஆகிறது, 35-க்கு 36. காரணிகள் 10368. நல்ல வியாபாரம் என்றார்கள். பிறகு அந்தப் பெண் பழைய எண்ணுக்கே திரும்பிப் போய், ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் வெளியே எடுத்துவிட்டு 29-ஐ உள்ளே விட்டாள். அதாவது 21-ஆல் வகுத்து 29-ஆல் பெருக்கினாள். 321253732800-ஐ 30-ஆல் பெருக்கி அதிலிருந்து ஒரு 321253732800-ஐக் கழித்தால் போதும் என்று அவளாகவே கண்டுபிடித்தாள். விடை 9316358251200. அடுக்குகள் 6, 3, 2, அதன் பிறகு 7 முதல் 29 வரை ஒவ்வொன்று. 7×4×3-ஐ, ஏழு முறை 2-ஆல் பெருக்க வேண்டும். நோட்டின் ஓரத்தில் பெருக்கி 10752 என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டாள். அப்படியானால் இதற்கும் அவன் எண்ணுக்கும் நடுவில் வேறு ஏதாவது இருக்கிறதா என்ற அடுத்த கேள்வியோடு அடுத்த ஞாயிறு வருகிறார்கள்.



திருவொற்றியூரிலிருந்து,
ஒரு கன்டெய்னர் யார்டு எழுத்தர்